மீனவர் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவை அரசு படிக்க முடியுமா? குழுவை நடத்தும் நான் என்ன செய்ய வேண்டும்?

தங்கச்சிமடம்_ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் தெருவையும் அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்த மீனவர் குடும்பத்துப் பெண்களுக்காக ஆறு ஆண்டுகளாக ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்தி வருகிறேன். அதில் ஏறத்தாழ 140 பேர் இருந்தார்கள். இருந்தார்கள் என்று எழுத வேண்டிய நிலை வந்ததால்தான் இந்தக் கேள்வி.

இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துச் செல்லும் இரவுகளில், எந்தப் படகு, எத்தனை பேர், அடிபட்டவர்கள் உண்டா, எந்தத் துறைமுகத்திற்குக் கொண்டு போகிறார்கள் என்பதை முதலில் அறிவது இந்தக் குழுதான். எங்கள் பெண்கள் சிலருக்குத் தலைமன்னாரிலும் மன்னாரிலும் உறவுகள் உண்டு. அவர்கள் கரையில் கேள்விப்பட்டதைக் குரல் பதிவாக அனுப்புவார்கள். இங்கே ஒருவர் அதைக் குழுவில் போடுவார். மறுநாள் அதிகாரபூர்வமான தகவல் வரும்வரை அந்தக் குரல்தான் எங்களுக்குத் துணை.

சென்ற மாதம் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, குழுவில் ஒரு செய்தி பரவியது: இரண்டு நீல டிக்கும் ஒரு சிவப்பு டிக்கும் வந்தால் அரசாங்கம் உங்கள் செய்தியைப் படித்து நடவடிக்கையைத் தொடங்கிவிட்டது என்று பொருளாம். இரண்டாவது, ஓர் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்ன ஒருவர் பள்ளி விடும் நேரத்தில் என்னைச் சந்தித்து, குழுவில் இருப்பவர்களின் பெயர்களையும் எண்களையும், இலங்கையில் யார் யாருக்கு உறவினர் இருக்கிறார்கள் என்பதையும் எழுதித் தரும்படி கேட்டார். கையில் காகிதம் எதுவும் அவர் கொண்டுவரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இந்தச் செய்தி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் 37 பேர் குழுவை விட்டு விலகிவிட்டார்கள். மீதமிருப்பவர்களும் காலை வணக்கப் படங்களைத் தவிர எதையும் போடுவதில்லை. போன வாரம் ஒரு படகு எஞ்சின் பழுதாகி இரவெல்லாம் கடலில் நின்றபோதுகூட ஒருவரும் குழுவில் வாய் திறக்கவில்லை. அதுதான் என்னை மிகவும் உலுக்கியது.

நாங்கள் மறைக்க வேண்டிய வேலை எதையும் செய்யவில்லை. ஆனால், அழுதுகொண்டே அக்காளுக்கு அனுப்பிய குரல் பதிவை யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்ற எண்ணம் வந்த பிறகு ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? எனக்குத் தெரிய வேண்டியவை இவை. அரசு உண்மையில் எதைப் படிக்க முடியும்? சட்டம் எதை அனுமதிக்கிறது? குழுவில் ஒருவர் தவறாக எதையாவது போட்டால் அட்மின் என்ற முறையில் நான் பொறுப்பா? அந்தப் பட்டியலை நான் தர வேண்டுமா?

வைகை_வழக்கறிஞர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடத்துகிறேன். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உடனடியானது.

வாய்மொழியாகக் கேட்டவரிடம் பட்டியல் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒரு வழக்கின் விசாரணைக்கு ஆவணமோ மின்னணுப் பதிவோ தேவை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்படி நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ எழுத்துமூலம் கோர வேண்டும். சாட்சியாக அழைப்பதானாலும் 179ஆவது பிரிவின்படி எழுத்துமூலமான அழைப்பு வேண்டும். பெண் ஒருவரை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்று அதே பிரிவு கூறுகிறது. ஆகவே, அவர் மறுபடி வந்தால் பெயர், பதவி, எந்த வழக்கு என்பதைக் கேட்டு, எழுத்தில் தரும்படி பணிவாகச் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் இராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அட்மின் பொறுப்பைப் பற்றி நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டாம். வேறொருவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் தெளிவாகக் கூறியுள்ளன. நமது மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் அதே நிலையை எடுத்தது. தவறான பதிவு கண்ணில் பட்டால் நீக்கிவிடுங்கள். அது சட்டத்திற்காக மட்டுமன்றிக் குழுவின் நலனுக்காகவும் நல்லது.

இனி பெரிய கேள்வி. பிறருடைய தகவல் தொடர்பை அரசு இடைமறிப்பதற்கு நம் நாட்டில் நீண்ட காலமாகச் சட்டம் உண்டு. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் 5(2) என்ற பிரிவு இருந்தது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டில் ஒன்று இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்தரங்கத்தில் செய்யும் கடுமையான ஊடுருவல் என்று கூறி, உள்துறைச் செயலர்தான் ஆணையிட வேண்டும், ஆணை இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் வரம்புகளை விதித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆவது உறுப்பில் அடங்கிய அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைத் தந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

இணையத்திற்கு வந்தால் வரம்பு தளர்ந்துவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவில் அந்தப் பொது அவசரநிலை என்ற நிபந்தனை கிடையாது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றோடு, எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும் என்ற சொற்களும் சேர்ந்துள்ளன. உத்தரவுக்கு ஒத்துழைக்க மறுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பர் 20 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், உளவுத்துறை, வருவாய்ப் புலனாய்வு இயக்ககம், சிபிஐ, என்ஐஏ உள்ளிட்ட 10 அமைப்புகளுக்கு இந்தப் பிரிவின்கீழ் அதிகாரம் அளித்து ஆணை வெளியிட்டது.

என் மனத்தை உறுத்துவது இந்த அதிகாரம் இருப்பதைவிட, அதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதுதான். ஆணையிடுபவர் அரசின் செயலர். அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அரசின் செயலர்களே இருக்கிறார்கள். ஒரு நீதிபதிகூட இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வரைவதற்காக அமைக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018இல் தந்த அறிக்கையில், இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கூடும் அந்த மறுஆய்வுக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாத வேலை என்று எழுதியது. அவ்வளவு ஆணைகளை ஒரே அமர்வில் எப்படிப் படிப்பார்கள்? கையெழுத்துப் போடத்தான் நேரம் இருக்கும். இதில் இன்னொன்று: யாருடைய பேச்சு கேட்கப்பட்டதோ, அவருக்கு அது முடிந்த பிறகும் தெரிவிக்கப்படுவதில்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து எவரும் நீதிமன்றத்திற்கு வர முடியாது.

வந்தவர்களுக்கு நியாயம் கிடைத்ததும் உண்டு. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011ஆம் ஆண்டில் ஒன்றிய உள்துறை பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ அங்கே காட்டப்படவில்லை. குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க தந்திச் சட்டம் இடம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த நியாயம் என்றாலும், உங்கள் தெருவில் அதைப் படித்துக் காட்டலாம்.

ஓய்வுபெற்ற_கரையோரக்காரன் எழுதியது:

அம்மா, முப்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கடற்கரையில் அரசுப் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தக் குறுகிய கடலில் பீடி இலையும் மஞ்சளும் கஞ்சாவும் அந்தப் பக்கம் போகின்றன. தங்கம் இந்தப் பக்கம் வருகிறது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் கடல் அட்டையை இன்றும் பிடித்து, அவித்து, உலர்த்தி அனுப்புகிறார்கள். இவற்றையெல்லாம் நடத்துகிறவர்கள் தகவல் பரிமாறுவது கைப்பேசியில்தான். எந்த எண்ணையும் பார்க்கக் கூடாது என்றால் அவர்களை எப்படிப் பிடிப்பது?

கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகும் மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கித்தான் போகிறது. யார் போகிறார், எப்போது போகிறார் என்பது பதிவேட்டில் ஏறுகிறது. அதை மீனவர்கள் யாரும் அவமானமாக நினைப்பதில்லை. படகு திரும்பாவிட்டால் தேடுவதற்கு அந்தப் பதிவேடுதான் கைகொடுக்கிறது. கண்காணிப்பு என்றவுடனே அது மக்களுக்கு எதிரானது என்று எண்ணிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் உங்களிடம் வந்தவர் காகிதம் இல்லாமல் கேட்டது தவறுதான். நாங்கள் பணியில் இருந்தபோது அப்படிக் கேட்பதை மேலதிகாரிகள் ஏற்கமாட்டார்கள்.

கீழக்கரை_நெட்வொர்க் எழுதியது:

அனைவருக்கும் சலாம். கீழக்கரையில் பிறந்து, துபாயில் பதினொரு ஆண்டுகளாக நெட்வொர்க் பொறியாளராக வேலை பார்க்கிறேன். டீச்சர் கேட்ட முதல் கேள்விக்கு என்னால் இயன்ற விளக்கம்.

சிவப்பு டிக் என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்தச் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றும் பொய். அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அதைப் பொய் என்று அறிவித்திருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகளும் அழைப்புகளும் 2016 ஏப்ரல் முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அதாவது அனுப்பும் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி, பெறும் கைப்பேசியில்தான் திறக்கும். நடுவே செல்லும் கேபிளிலோ டவரிலோ வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினியிலோ அதைப் படிக்க முடியாது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்திற்குப் போயிற்று. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார்.

ஆனால் முனை என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். 140 பேர் உள்ள குழுவில் 140 முனைகள். யாராவது ஒருவர் கைப்பேசியைக் கொடுத்தாலோ திரைப்பிடிப்பு எடுத்தாலோ பூட்டுக்குப் பயனில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை பேக்கப், அதாவது செய்திகளின் சேமிப்பு நகல். பலருடைய கைப்பேசியிலிருந்து இரவுதோறும் அத்தனை செய்தியும் கூகுள் டிரைவில் போய்ச் சேர்கிறது. பேக்கப்பையும் மறையாக்கம் செய்யும் வசதி 2021 அக்டோபரில் வந்தது. ஆனால் அமைப்புகளில் சாட் பேக்கப் பகுதிக்குள் போய் அதை நாமே இயக்கி, கடவுச்சொல் வைக்க வேண்டும். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்றும் எல்லோரும் ஒருமுறை பார்க்கட்டும். பழைய கைப்பேசியை விற்ற கடையிலோ, மகனுடைய நண்பன் வீட்டிலோ திறந்து வைத்தது அப்படியே கிடக்கும். டீச்சர், குழுவில் சேரும் இணைப்பு முன்பு எங்காவது பகிரப்பட்டிருந்தால் அதை ரத்து செய்துவிடுங்கள்.

செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறோம். நான் அதிகம் கவலைப்படுவது உறையின் மேல் எழுதியிருப்பதைப் பற்றி. எந்த எண் எந்த எண்ணை அழைத்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து என்ற அழைப்பு விவரப் பதிவை நம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்துவதற்கு முன்பு அது ஓராண்டாக இருந்தது. ஒரு சொல்லைக்கூடக் கேட்காமல், அந்தப் பதிவை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் கதையை எழுதிவிடலாம்: நள்ளிரவில் தலைமன்னாருக்கு நான்கு நிமிடம், உடனே வழக்கறிஞருக்கு, விடியற்காலையில் மருத்துவமனைக்கு.

எழுதப்படும் கதை தவறாகவும் இருக்கலாம். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நின்றாலே சில கைப்பேசிகள் இலங்கை டவரைப் பிடித்து, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வரும். அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. அந்தப் பதிவைச் சென்னையிலோ டெல்லியிலோ மேசையில் வைத்துப் பார்ப்பவருக்கு, இந்த எண் இலங்கை நெட்வொர்க்கில் இருந்தது என்று மட்டும்தான் தெரியும். நம் மண்ணில் நின்ற ஒருவர் எல்லை தாண்டியவராகிவிடுவார்.

கரையோரக்காரர் ஐயா சொன்ன டோக்கன் உவமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் 2025 நவம்பர் இறுதியில் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலி நல்ல செயலி. தொலைந்த கைப்பேசியை முடக்கவும், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பார்க்கவும் அதன் இணையதளத்தை நானே வீட்டாருக்குக் காட்டியிருக்கிறேன். அதை எல்லாப் புதிய கைப்பேசிகளிலும் முன்கூட்டியே பதித்துத்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு வந்தது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. மக்கள் எதிர்த்தது கட்டாயத்தைத்தான். தாமாகப் பயன்படுத்துவதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கேட்டுப் பெறுவதற்கும் கேளாமல் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் ஊர் மக்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வைகை_வழக்கறிஞர் எழுதியது:

கரையோரக்காரர் ஐயாவுக்கு. கடத்தல்காரரின் எண்ணைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றமும் சொல்லவில்லை. 2017 தீர்ப்பு கேட்பது சட்டத்தின் அடிப்படை, நியாயமான நோக்கம், அந்த நோக்கத்திற்குத் தேவையான அளவு ஆகியவற்றைத்தான். டோக்கனைக் கொடுக்கும்போது படகுக்காரர் எதிரில் நிற்கிறார். என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கிறார், எதற்காக என்று அறிவார், பிழையிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்வார். ஒட்டுக்கேட்பில் இவற்றில் எதுவும் இல்லை. ஆகவேதான் அங்கே அவருக்குப் பதிலாக ஒரு நீதிபதி நிற்க வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும்.

நமது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்க 17(2) பிரிவு வழிசெய்துவிட்டது. தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் 2024 டிசம்பரில் வந்த புதிய இடைமறிப்பு விதிகளிலும் மறுஆய்வுக் குழு செயலர்களின் குழுவாகவே தொடர்கிறது.

ஓய்வுபெற்ற_கரையோரக்காரன் எழுதியது:

எதிரில் நிற்பவர் பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். பதிவேட்டைப் படகுக்காரர் பார்க்க முடியும் என்பதால்தான் அவர் அதை நம்புகிறார். இதை நான் அந்த நோக்கில் எண்ணிப் பார்த்ததில்லை.

தங்கச்சிமடம்_ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு கோயில் திண்ணையில் முப்பது பெண்கள் கூடினோம். சிவப்பு டிக் பொய் என்பதை முதலில் சொன்னேன். பிறகு 94, 179 பிரிவுகளைப் பற்றி வழக்கறிஞர் எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். வீட்டை விட்டு வரச்சொல்லக் கூடாது என்ற வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். பேக்கப் கடவுச்சொல்லை அங்கேயே உட்கார்ந்து பதினெட்டுப் பேருக்கு வைத்துக் கொடுத்தோம். ஒருவருடைய இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலில் அவருக்கே தெரியாத ஒரு கணினி இருந்தது, அதை நீக்கினோம்.

அந்த நபர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். எழுத்தில் தாருங்கள், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் தருகிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். இதுவரை எதுவும் வரவில்லை. உறவினர்களைப் பற்றிய கேள்விக்கு எந்த நிலையிலும் வாயால் பதில் சொல்வதில்லை என்று எல்லோருமாக முடிவு செய்திருக்கிறோம்.

விலகியவர்களில் 22 பேர் திரும்பி வந்துவிட்டார்கள். தலைமன்னாரில் அக்காள் இருக்கும் பெண் மட்டும் வர மறுக்கிறார். நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான் டீச்சர், ஆனால் கேட்கிறார்களா இல்லையா என்பது நமக்குத் தெரியவே தெரியாது அல்லவா என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவருடைய கணவர் சனிக்கிழமை கடலுக்குப் போகிறார். அன்றிரவு ஏதாவது செய்தி வந்தால், எந்நேரமானாலும் வீட்டுக்கே வந்து சொல்கிறேன் என்று அவரிடம் கூறியிருக்கிறேன்.